பதினான்கு செங்கல், நான்கு பெண்கள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இருபத்தாறு வருஷமாகக் கல்லூரியில் கணக்கு நடத்துவதால் வந்ததா, நாகர்கோவில் பக்கத்து ரத்தத்திலேயே இருப்பதா, தெரியவில்லை. வகுப்பில் மலையாளத்தில் பாடம் நடத்துவேன். கோபம் வந்துவிட்டால் நாஞ்சில் நாட்டுத் தமிழ் தானாக வாயில் வந்துவிடும். திருவனந்தபுரத்துப் பெண்பிள்ளைகளுக்கு அது பாதி புரியும், பாதி புரியாது. புரியாத பாதிதான் கூடுதல் பயம் என்று ஒரு பழைய மாணவி என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

நான்கு வருடப் பட்டப்படிப்பு வந்தபோது, எந்தத் துறைப் பெண்ணும் தன் துறைக்கு வெளியே ஏதாவது ஒன்றைப் படித்தே ஆக வேண்டும் என்று விதி வந்தது. எங்கள் பெண்கள் கல்லூரியில் அப்படி ஒரு பாடம், எண்களைக் கொண்டு யோசிப்பது பற்றி. சூத்திரம் இல்லை, நிரூபணம் இல்லை. செய்தித்தாளில் வரும் சதவீதத்தை எப்படிப் படிப்பது, ஒரு கூட்டத்தை எப்படி உத்தேசமாக எண்ணுவது, சராசரி எப்போது நம்மை ஏமாற்றும், இந்த மாதிரி. எம்.எஸ்ஸி. பெண்களுக்கு உயர்கணிதம் நடத்திக்கொண்டு நிம்மதியாக இருந்த என் தலையில் அதைக் கட்டினார்கள். வரலாறு, மலையாளம், இசை, தாவரவியல், வணிகவியல் என்று ஐம்பத்தெட்டுப் பேர் ஒரே அறையில். ஆசிரியர் அறையில் அதற்கு 'அவியல் வகுப்பு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதல் வாரம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

ஆனால் நன்றி கெட்டுப் பேசக் கூடாது. அந்த அறை எனக்குக் கொடுத்ததை வேறு எந்த அறையும் கொடுத்ததில்லை. விகிதம் என்றால் என்ன என்று நான் கரும்பலகையில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, ஓர் இசைத்துறைப் பெண் எழுந்து கையால் ஆதி தாளம் போட்டுக்கொண்டு, அதே எட்டுக்குள் ஒவ்வொரு தட்டுக்கும் மூன்று எழுத்து வைத்துப் பாடிக் காட்டினாள். தாவரவியல்காரிகள் நிலத்தில் சதுரச் சட்டத்தைப் போட்டு அதற்குள் இருக்கும் செடியை மட்டும் எண்ணி முழு மைதானத்துக்கும் கணக்குச் சொல்வார்களாம். மாதிரி எடுப்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதை எல்லாம் அவர்களே சொல்லிவிட்டார்கள். தம்பானூரிலிருந்து கழக்கூட்டம் போகும் பேருந்து, போகும்போது மணிக்கு நாற்பது கிலோமீட்டர், திரும்பும்போது இருபது என்றால் சராசரி வேகம் முப்பது இல்லை என்பதை, தினமும் அந்தப் பேருந்தில் வரும் ஒரு வணிகவியல் பெண் எனக்கு முன்னாலேயே சொன்னாள். "திரும்பும்போதல்லே டீச்சரே நாம கூடுதல் நேரம் உள்ள இருக்கோம்" என்றாள்.

ஒரு நாள் முழு மணி நேரமும் ஒரே ஒரு வார்த்தையில் போய்விட்டது. மலையாளத்தில் 'முக்காலும்' என்றால் பெரும்பாலும் என்று அர்த்தம். நாமும் 'முக்கால்வாசிப் பேர்' என்போம். "முக்காலும் ஆட்கள் வந்துவிட்டார்கள் என்றால் நூற்றுக்கு எத்தனை பேர்?" என்று கேட்டேன். வணிகவியல் பெண்கள் எழுபத்தைந்து என்றார்கள். மலையாளத் துறைப் பெண்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். தொண்ணூறுக்குக் குறைந்தால் அந்த வார்த்தையைப் போடவே கூடாது என்பது அவர்கள் கட்சி. மணி அடித்த பிறகும் வராந்தாவில் நின்று வாதாடிக்கொண்டே போனார்கள். அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இப்படி எல்லாரும் வாயைத் திறந்த வகுப்பில், ஒருத்தி மட்டும் திறக்கவே இல்லை. வரலாற்றுத் துறை மாணவி. மூன்றாவது வரிசையில் சுவரோரம் உட்காருவாள். வீட்டில் தமிழ்தான், அவள் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே வந்த குடும்பம். முதல் தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண். இரண்டாவதில் தேறினால்தான் பாடம் கடக்கும் என்ற நிலை. அவளுடைய துறைத்தலைவி என்னிடம் தனியாக வந்து ஒரு விஷயம் சொன்னார். நகரத்து ஆவணக் காப்பகத்தில் கோடை விடுமுறைக்கு ஐந்து பெண்களைப் பயிற்சிக்கு எடுக்கிறார்கள். பழைய தமிழும் பழைய மலையாளமும் கலந்து எழுதிய ஓலைகளைப் படிக்க இவளால் முடியும், துறையில் வேறு யாராலும் முடியாது. ஆனால் ஒரு பாடத்தில்கூடத் தோற்றிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. "கொஞ்சம் பார்த்துக்கிடுங்க டீச்சரே" என்றார் அவர். சிபாரிசு என்றாலே எனக்கு ஆகாது. "அவளைக் கவனமா எழுதச் சொல்லுங்க" என்று பதில் சொன்னேன்.

இரண்டாவது தேர்வுக்கு ஒரு கேள்வி தயார் செய்தேன். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. மாணவிகளின் சொந்த வாழ்க்கையிலிருந்து கேள்வி எடுக்க வேண்டும் என்று துறைக் கூட்டத்தில் முழங்கியவளே நான்தான். ஆற்றுகால் பொங்காலையைவிட இந்த ஊர்ப் பெண்களின் வாழ்க்கையில் வேறென்ன இருக்கிறது? மாசி மாதத்தில் அந்த ஒரு நாள், ஆற்றுகால் அம்மனுக்காகப் பெண்கள் ஊரெங்கும் தெருவில் செங்கல் அடுக்கி, பானை வைத்துப் பாயசம் பொங்குவார்கள். பழவங்காடியிலிருந்து தம்பானூர் வரை வண்டி நகர இடமிருக்காது. பிறகு அந்தச் செங்கல்லை எல்லாம் சேகரித்து, இல்லாதவர்களுக்கு வீடு கட்ட எடுத்துப் போவார்கள். என் கேள்வி இது: 'ஒரு பகுதியில் முப்பத்தாறாயிரம் செங்கற்கள் சேகரிக்கப்பட்டன. ஓர் அடுப்புக்கு மூன்று செங்கல். அந்தப் பகுதியில் பொங்காலை இட்ட பெண்கள் எத்தனை பேர்?' விடை, பன்னிரண்டாயிரம். பத்து மதிப்பெண்.

வகுத்தலில் சறுக்கியவர்களைத் தவிர எல்லாரும் பன்னிரண்டாயிரம் என்று எழுதியிருந்தார்கள். இவள் மட்டும் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: 'இதை வைத்துச் சொல்ல முடியாது.' காரணம் ஒன்றும் இல்லை, அதற்குக் கீழே வெறும் தாள்.

எனக்கு ஏறிவிட்டது. பூஜ்யம் போட்டேன். போட்டதோடு விட்டேனா? பக்கத்தில் சிவப்பு மையில், 'முடியாது என்றால் எழுத வந்திருக்க வேண்டாம்' என்று எழுதினேன். தேறுவதற்கு நான்கு மதிப்பெண் குறைந்தது. மறுநாள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், அந்தக் கேள்வி..." என்று ஆரம்பித்தாள். நான் முடிக்க விடவில்லை. "மூணால வகுக்கத் தெரியாதவளுக்குக் காப்பகத்துல என்னட்டி வேலை?" என்று கேட்டேன். அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவள் முகம் எப்படிப் போயிற்று என்பதை எழுத எனக்கு இப்போதும் கை கூசுகிறது. திரும்பிப் போனாள். அன்று சாயந்தரமே மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றிப் பூட்டிவிட்டேன்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். முப்பது வருஷம் இந்த ஊரில் குடியிருந்தும் நான் ஒரு தடவைகூடப் பொங்காலை இட்டதில்லை. பக்தி இல்லாமல் அல்ல. கூட்டமும் புகையும் எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஒவ்வொரு வருஷமும் முந்தின நாளே தம்பானூரில் ரயில் ஏறி, நாகர்கோவிலில் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். பொங்காலைக்கு மறுநாள் திரும்பி வரும்போது தெருவில் கரிந்த தழும்புகள் மட்டும் இருக்கும். தேர்வு முடிந்து சில நாளில் வந்த அந்த வருஷப் பொங்காலையின்போது அக்கா, தன் மகள் வீட்டுக்கு வெளியூர் போயிருந்தாள். போக இடமில்லாமல் நான் வீட்டோடு இருந்தேன்.

எங்கள் குடியிருப்பில் கீழ்வீட்டுக்காரி என் வயதுக்காரி. அவள் பேச்சில் எது தமிழ், எது மலையாளம் என்று பிரிக்க முடியாது. வருஷம் தவறாமல் எங்கள் வாசலில்தான் பொங்கலிடுவாள். காலையிலேயே கதவைத் தட்டி, "டீச்சரே, சும்மாதானே இருக்கீங்க, கீழ வந்து தேங்காய் துருவித் தாங்க" என்று கூப்பிட்டாள். மறுத்தால் விட மாட்டாள். போனேன்.

வாசலில் அவள் அடுப்பு மூட்டத் தயாராக இருந்தாள். ஒன்றல்ல, மூன்று.

"உனக்கு எதுக்கு மூணு அடுப்பு?" என்றேன்.

"பின்னே? பாயசம் வேறே, தெரளி வேறே, மண்டைப்புட்டு வேறே. எல்லாத்தையும் ஒரே கலத்துல கொட்டிக் கிண்டவா? டீச்சருக்கு இதுகூட அறியாதா?"

தெரளி என்பது இலையில் சுருட்டி அவிக்கிற மாவு. மண்டைப்புட்டு என்பது பயற்றுமாவில் வெல்லம் சேர்த்துப் பிடித்த உருண்டை. இரண்டையும் முப்பது வருஷமாக இவள் கையால் வாங்கித் தின்றிருக்கிறேன். எந்த அடுப்பில் எப்படி வந்தது என்று யோசித்ததில்லை. என் கண் செங்கல்லுக்குப் போயிற்று. பாயசப் பானைக்கும் புட்டுப் பானைக்கும் நடுவில் ஒரே கல். இரண்டு பானைக்கு ஐந்து கல்தான் இருந்தது.

"இங்க ஒரு கல்லு குறையுதே?"

"எதுக்குக் குறையணும்? நடுவுல உள்ளது ரெண்டுக்கும் ஆச்சல்லோ. கல்லு என்ன மரத்துலயா காய்க்குது?"

தேங்காய்த் துருவலை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். எண்ண ஆரம்பித்தேன். எங்கள் வாசலில் கீழ்வீட்டுக்காரிக்கு மூன்று அடுப்பு, அவள் நாத்தனாருக்கு ஒன்று, கொல்லத்திலிருந்து வந்த ஒரு மாமியாரும் மருமகளும் சேர்ந்து ஒன்று. ஐந்து அடுப்பு, பதினான்கு செங்கல், நான்கு பெண்கள். என் சூத்திரத்தின்படி பதினான்கை மூன்றால் வகுத்தால் நான்கு முழுப் பெண்களும், இன்னொரு பெண்ணில் மூன்றில் இரண்டு பங்கும் வர வேண்டும். அடுத்த வாசலுக்குப் போனேன். அங்கே ஆறு கல், இரண்டு பானை, சுற்றி ஏழு பெண்கள். அதற்கடுத்து மூன்று கல் அடுக்கி அதில் சாக்பீஸால் பெயர் எழுதியிருந்தது, பெண்ணைக் காணோம். இடம் பிடித்து வைத்துவிட்டு, காய்ச்சல் வந்து வரவில்லையாம். தெருமுனையில் ஒரு கிழவி செங்கல்லே இல்லாமல் மூன்று கருங்கல்லில் பானை வைத்திருந்தாள்.

கோவிலிலிருந்து, அடுப்புக்கு நெருப்பு வைக்க உத்தரவு வந்தது. தெரு முழுக்க ஒரே சமயத்தில் குரவை ஒலியும் புகையும் எழும்பின. எனக்குக் கண் எரிந்தது. புகையால்தான் என்று கீழ்வீட்டுக்காரி நினைத்து, முந்தானையை நனைத்துக் கையில் தந்தாள். சொல்ல முடியாது என்று அந்தப் பெண் எழுதியது அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. முப்பத்தாறாயிரம் கல்லை மட்டும் வைத்துக்கொண்டு பெண்கள் எத்தனை பேர் என்று யாராலும் சொல்ல முடியாது. கேள்விதான் முட்டாள்தனம். அதைப் பரீட்சைத்தாளில் அச்சடித்தது நான்.

ஆனாலும் கணக்கு வாத்தியார் புத்தி லேசில் விடாது. ஒருவேளை அவளுக்கு உண்மையிலேயே வகுக்கத் தெரியாமல், வாய்க்கு வந்ததை எழுதியிருந்தால்? அடுத்த நாள் கல்லூரிக்குப் போனதும் அவளைத் தேடிப் போனேன். நூலகத்தில் இருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். தமிழிலேயே கேட்டேன், முடிந்தவரை மெதுவாக.

"சொல்ல முடியாதுன்னு ஏன் எழுதின?"

நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க வீட்ல அம்மா நாலு அடுப்பு போடும் டீச்சர். ஒண்ணு அம்மாவுக்கு. ஒண்ணு நடக்க முடியாத பெரியம்மாவுக்கு வேண்டி. ஒண்ணு துபாய்ல இருக்க சித்திக்கு வேண்டி. ஒண்ணு எனக்கு, நான் கூட நின்னு தீயைத் தள்ளி விடுவேன். அப்போ அந்த எடத்துல எத்தனை பெண்ணுங்க? ரெண்டா, நாலா? பொங்காலை இட்டதுன்னா வந்து நின்னதா, பேர் சொல்லி இட்டதா? அது கேள்வில இல்லல்லா."

"இதையே தாள்ல எழுதியிருக்கலாமே!"

"எழுதத்தான் நெனச்சேன். கணக்குத் தாள்ல கதை எழுதினா டீச்சருக்குப் பிடிக்காதுன்னு விட்டுட்டேன்."

இருபத்தாறு வருஷத்தில் எந்தக் கணக்குத்தாளிலும் ஒரு மாணவி, எதை எண்ணுகிறோம் என்று என்னைத் திருப்பிக் கேட்டதில்லை. எண்களைக் கொண்டு யோசிப்பது என்று நான் இத்தனை மாதமாகத் தொண்டை கிழியக் கத்தியது இதைத்தான். அவள் அதைச் செய்திருக்கிறாள், நான் அவளை ஏழெட்டுப் பேர் முன்னால் அவமானப்படுத்தியிருக்கிறேன். "தப்பு என்னோடது. உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததை அவள் நம்பியதாகத் தெரியவில்லை. காப்பகத்துக்கு விண்ணப்பம் போட்டாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அன்று புதன்.

பூட்டிய மதிப்பெண்ணைத் திறக்க வேண்டுமென்றால் காரணம் எழுதி முதல்வர் வழியாகப் போக வேண்டும். முதல்வர் என்மேல் பிரியம் உள்ளவர். நான் நீட்டிய கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். 'கேள்வி தவறானது. மாணவியின் விடையே சரி. பிழை கேள்வி அமைத்த ஆசிரியருடையது' என்று அதில் எழுதியிருந்தேன்.

"எதுக்கு டீச்சரே இத்தனை எல்லாம்? கூட்டினதுல தெற்று பற்றிப் போச்சுன்னு எழுதினா போதும் அல்லே? எல்லாருக்கும் பற்றுறதுதானே. டீச்சர் பேரு கெடாம இருக்கும்."

நல்ல மனசோடு சொன்ன யோசனைதான். ஒரு கணம் எனக்கும் ஆசையாக இருந்தது. கூட்டல் பிழை என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் கூட்டல் பிழை என்று எழுதினால் அந்தப் பெண்ணுக்கு நான்கு மதிப்பெண் கிடைக்கும், அவள் சரியாகச் சொன்னாள் என்பது எங்கும் பதிவாகாது. காப்பகத்துக்குப் போகிறவளுக்கு எழுத்தில் இருப்பதும் இல்லாததும் எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லவா வேண்டும்? "கூட்டினது சரி மேடம், கேட்டதுதான் தப்பு" என்றேன். அவர் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை மதியம் மதிப்பெண் மாறியது. வெள்ளிக்கிழமை அவள் விண்ணப்பம் போனது. இரண்டு வாரம் கழித்து ஐந்து பேரில் அவளும் ஒருத்தி என்று அவள் துறைத்தலைவி ஓடி வந்து சொன்னபோது, அழுகை வந்ததை மறைக்க நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அது பின்னால் நடந்தது. அதற்கு முன், மதிப்பெண் மாறியதற்கு அடுத்த அவியல் வகுப்பிலேயே எல்லாரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். பதினான்கு செங்கல்லையும், நான்கே சொச்சம் பெண்களையும் கரும்பலகையில் எழுதினேன். சிரித்தார்கள். அவர்களோடு நானும் சிரித்தேன். பிறகு, பொங்காலை அடுப்புப் பக்கத்தில் நின்று பழக்கமுள்ளவர்கள் கை தூக்குங்கள் என்றேன். முப்பத்தெட்டுக் கைகள் எழுந்தன.

உடனே எனக்குப் பழைய வியாதி கிளம்பிவிட்டது. "முப்பத்தெட்டுப் பேர்! கல்லை அடுக்கத் தெரியும், ஒரு ஆளுக்கு எத்தனை அடுப்புன்னு தெரியும். தெரிஞ்சே பன்னிரண்டாயிரம்னு எழுதி வச்சிருக்கீங்க. மூளையை வீட்ல வச்சிட்டா வந்தீங்க? இந்தப் பத்து மார்க்கை நான் திருப்பி எடுக்கணும்!" என்று கத்தினேன். தமிழில்தான். புரிந்தவர்களும் புரியாதவர்களும் சேர்ந்து தலையைக் குனிந்தார்கள்.

சுவரோரம் உட்கார்ந்திருந்தவள் எழுந்து என் மேசைக்கு வந்தாள். அந்த வகுப்பில் அவள் எழுந்து வந்தது அதுதான் முதல் தடவை. மற்றவர்களுக்குக் கேட்காதபடி, தமிழில் மெதுவாகச் சொன்னாள்.

"அவங்களுக்குக் குறைக்காதீங்க டீச்சர். அவங்க ஒண்ணும் தெரியாம எழுதல. டீச்சர் கேட்டா அது சரியாத்தான் இருக்கும்னு நம்பி எழுதிட்டாங்க."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவளை விட்டால் மீதி முப்பத்தேழு பெண்கள், தங்கள் கண்ணால் கண்டதை ஒதுக்கிவைத்துவிட்டு என்னை நம்பியிருக்கிறார்கள். அப்படி நம்பும்படி அவர்களைப் பழக்கியது என் கோபம். ஒருத்தி மட்டும் தன் அம்மாவின் நான்கு அடுப்பை என்னைவிட அதிகமாக நம்பினாள். அவளைத்தான் நான் தோற்கடிக்கப் பார்த்தேன். யாருடைய மதிப்பெண்ணிலும் நான் கை வைக்கவில்லை. அவள் திரும்பித் தன் இடத்துக்குப் போவதற்குள், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மாணவியிடம், "என்னை நம்பாம இருந்ததுக்கு ரொம்ப நன்றி மக்கா" என்று சொன்னேன்.